நான்கு வட்டங்களும் சீறாப்புராணமும்

இலக்கிய வகைப்பாட்டினை வட்டங்களால் விளக்கும் வழக்கம் மாணவர் கட்டுரைகளில் பெருகி வருகின்றது. வரவேற்கத்தக்கதே. ஆயின் வட்டம் தானே ஒரு கருத்தைச் சொல்லிவிடும் என்பதை மறத்தலாகாது.

ஒன்றோடொன்று மேற்படியும் கணங்களுக்குப் படம் வரையும் முறையை 1880இல் விரித்துரைத்தவர் கேம்பிரிட்சு அறிஞர் ஜான் வென். கணம் மூன்றாயின் புறவெளி உட்பட 8 பகுதிகள் வேண்டும், நான்காயின் 16. நான்கு வட்டங்களை எவ்வாறு வரையினும் 14 பகுதிகளுக்கு மேல் கிட்டா. வென் நீள்வட்டங்களை நாடியது இதனாற்றான்.

இசுலாமியத் தமிழ் இலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் மரபு வடிவம், முசுலிம் புலவர் கொணர்ந்த புதுவடிவம், நபிகளார் (ஸல்) பற்றியவை, இறைநேசர் பற்றியவை என நான்கு கணங்கள். நான்கு வட்டங்களைச் சதுரமாக அமைத்து நடுவில் மேற்படியச் செய்தால், எதிரெதிர் வட்டங்கள் இரண்டு மட்டும் கூடும் பகுதி தோன்றாது. மரபு வடிவமும் நபிகளாரும் எதிரெதிரே அமைந்துவிடின், சீறாப்புராணத்துக்கே இடமில்லை! நம் இலக்கியத்தின் தலையாய காப்பியத்தைப் படத்தின் வடிவமே வெளியேற்றிவிடுகின்றது.

வட்டத்தை விடுத்துக் கோடுகளைக் கொள்ளலாம். ஆய்லருக்கு முன்னரே லைப்னிட்சு கோடுகளால் கணங்களைக் குறித்துள்ளார். கணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைவரிசை. உண்மையில் நூலுள்ள சேர்க்கைக்கு மட்டும் ஒரு பத்தி. சீதக்காதி நொண்டி நாடகம் (மரபு வடிவம் மட்டும்), திருக்காரணப் புராணம் (மரபு, இறைநேசர்), சீறாப்புராணம் (மரபு, நபிகளார்), 1572இல் தோன்றிய ஆயிரம் மசலா (புதுவடிவம், நபிகளார்) ஆகிய நான்குக்கும் நான்கு பத்திகள் போதும், பதினாறு வேண்டா.

பத்திகளின் முறைவைப்பே இங்கு நுட்பமானது. மேற்சொன்ன வரிசையில் வைப்பின், மரபு வடிவத்தின் கோடு முதல் மூன்று பத்திகளிலும், நபிகளார் கோடு இறுதி இரண்டிலும் முறியாமல் ஓடும். இறைநேசர் கோடு இரண்டாம் பத்தியிலும், புதுவடிவக் கோடு நான்காம் பத்தியிலும் நிற்கும். வரிசையை மாற்றின் கோடுகள் துண்டுபட்டுக் கண் அலையும். ஒரே மையில் அச்சிடும் மலர்களுக்கும் இது பொருந்தும். நிழலிட்ட வட்டங்களோ கறுத்துப்போகும்.

இறைநேசரைப் போற்றும் முனாஜாத்து ஒன்றினை ஐந்தாம் பத்தியாகச் சேர்ப்பின் இறைநேசர் கோடு இரண்டாக முறியும். எவ்வாறு மாற்றி அடுக்கினும் ஏதேனும் ஒரு கோடு முறிந்தே தீரும். அப்போது, கட்டுரை எதனை முதன்மையாகப் பேசுகின்றதோ அதன் கோட்டினை முழுமையாக விட்டு, வேறொன்றை முறிப்பதே தக்கது.