மீட்டருக்குத் தெரியாதது

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. டம்ளர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை முக்கி, 180 என்று காட்டியதும் படம் எடுத்திருக்கிறாய். தெருவில் இருபது வீட்டுக் குழாய்த் தண்ணீரை இதே மீட்டரால் அளந்து, நல்லது கெட்டது என்று வரிசைப்படுத்தி அறிவியல் கண்காட்சியில் வைக்கப்போவதாக உன் அம்மா சொன்னாள். சார்ட் பேப்பர் வாங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு.

முதலில் ஒரு வேலை செய். அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கி அளந்து பார். எண் எகிறும். வேறொரு டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து அளந்து பார். எண் அசைந்தே கொடுக்காது. ஏனென்றால் மீட்டர் தண்ணீரில் கரைந்ததை எடைபோடுவதில்லை. அதன் இரண்டு உலோக முனைகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, அதை வைத்து உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது. மின்சாரத்தைக் கடத்தாத எதுவும் அதன் கண்ணில் படாது. சர்க்கரை மட்டுமல்ல, பூச்சிமருந்தும் படாது, காலராக் கிருமியும் படாது.

ஆர்.ஓ. மெஷின் விற்க வீட்டுக்கு வருபவர்கள் இன்னொரு வித்தையும் காட்டுவார்கள். இரண்டு டம்ளரில் இரும்புக் கம்பிகளை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி நுரை தள்ளும், அவர்கள் மெஷின் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. உப்பு இல்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடாததால் கம்பி கரையவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது வந்தால், அவர்களுடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லு. முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. இவ்வளவு தாராளமாக விட்டிருப்பதிலிருந்தே தெரிகிறதல்லவா, இது பெரும்பாலும் ருசி, பாத்திரத்தில் உப்புப் படிவது சம்பந்தப்பட்ட விஷயம் என்று? அதே தரநிலை மலக்கிருமியான ஈ.கோலை பற்றிச் சொல்லும்போது 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது. காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உன் மீட்டர் காட்டும் மிகச்சிறிய அளவே 1 மில்லிகிராம். நூறில் ஒரு பங்கை அது எங்கே பார்க்கப்போகிறது? (பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். பயந்துவிடாதே.)

காரீயம் என்றதும் பிளின்ட் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. குடிநீரில் என்னென்ன தவறலாம், அதைச் சோதிப்பதில் என்னென்ன தவறலாம் என்று ஒரே ஊரில் பாடம் படிக்க வேண்டுமென்றால் அந்த ஊர்தான்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள நகரம் பிளின்ட். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பிறந்த ஊர். 2014இல் அதன் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பல பத்தாண்டுகளாக அது டெட்ராய்ட்டிலிருந்து தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. ஹியூரான் ஏரித் தண்ணீர். நகராட்சி கடனில் தத்தளித்தபோது மாநில அரசு நியமித்த அதிகாரியின் நிர்வாகத்தில், செலவைக் குறைக்க, 2014 ஏப்ரல் 25 அன்று ஊருக்குள் ஓடும் பிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள்.

டெட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாக ஏடு படியுமே, அப்படிக் குழாயின் உட்சுவரிலும் ஒரு மெல்லிய படிவம் உண்டாகும். பாஸ்பேட் அந்தப் படிவத்தைக் கரையாமல் காத்து நிற்கும். தண்ணீர் உலோகத்தைத் தொடாது. பிளின்ட்டில் வீதிக் குழாயிலிருந்து வீட்டுக்குப் போகும் இணைப்புக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் காரீயத்தால் ஆனவை. ஆற்றுத் தண்ணீரிலோ உலோகத்தை அரிக்கும் குளோரைடு அதிகம். அதில் பாஸ்பேட்டைச் சேர்க்காமலே விட்டார்கள். படிவம் கரைந்தது, பின்னாலேயே காரீயமும் கரைந்தது.

முதலில் ஜனங்கள் பார்த்தது நிறமும் நாற்றமும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மலக்கிருமிக்கான சோதனையில் தண்ணீர் தேறவில்லை, காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். இரும்புக் குழாய் துருப்பிடிக்கும்போது தண்ணீரில் இருக்கும் குளோரினைத் தின்றுவிடும். குளோரின் போனால் கிருமி வளரும். கிருமி வளர்ந்தால் இன்னும் குளோரின் போடுவார்கள். ஆற்றில் வரும் இலைதழை மக்கியதோடு குளோரின் சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற வேறு வகை நஞ்சு உண்டாகும். அதுவும் வரம்பைத் தாண்டி, 2015 ஜனவரியில் அதற்கொரு அறிவிப்பு. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் அடுத்த ஓட்டை. இதற்கிடையே 2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் தொழிற்சாலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விலகிக்கொண்டது. எஞ்சின் பாகங்கள் அரித்துப்போகின்றனவாம். எஞ்சினுக்கு உடனே வேறு தண்ணீர் கிடைத்தது. ஊர்க் குழந்தைகளுக்குக் கிடைக்க மேலும் ஒரு வருடம் ஆயிற்று. அந்தக் காலத்தில் அங்கே பரவிய லீஜியோனெல்லா நிமோனியாவில் குறைந்தது 12 பேர் இறந்தார்கள்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆற்றில் காரீயம் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரிலும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, கடைசிச் சில அடி தூரத்தில்தான் அது சேர்ந்தது. ஆகவே வீட்டுக் குழாயில் சோதித்தால்தான் தெரியும். அங்கேயும் எப்படிப் பிடிக்கிறாய் என்பதைப் பொறுத்துத்தான் தெரியும்.

காரீயத்தைத் தேடும்போது, குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, காலையில் வரும் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் குழாயோடு ஒட்டி நின்ற தண்ணீர் அதுதான். பிளின்ட்டில் மக்களுக்குக் கொடுத்த குறிப்பில், முந்தின இரவே சில நிமிடம் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லியிருந்தது. கேட்க நல்ல யோசனை போலத்தான் இருக்கிறது. ஆனால் குழாயில் சேர்ந்திருந்த காரீயத்தில் ஒரு பகுதி முதல்நாள் இரவே சாக்கடைக்குப் போய்விடும், மறுநாள் பாட்டிலில் எண் குறையும். 2016இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இப்படிச் செய்யாதீர்கள் என்று ஒரு குறிப்பு வெளியிட்டது. குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றாதீர்கள், வாய் அகன்ற பாட்டிலைக் கொடுங்கள் என்றும் அதில் இருந்தது. வாய் குறுகிய பாட்டில் என்றால் தண்ணீரை மெல்லத் திறப்பார்கள், மெல்ல வரும் தண்ணீர் காரீயத் துணுக்குகளைப் பெயர்த்துக்கொண்டு வராது. ஒரு பாட்டிலின் வாய்க்குள் எவ்வளவு அரசியல் பார்த்தாயா?

2015இல் நகராட்சி 71 வீடுகளின் மாதிரியைச் சேர்த்தது. அதில் இரண்டு மாதிரிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகள் சொன்னார்கள். அந்த இரண்டும் இருந்திருந்தால் ஊரின் கணக்கு, நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கும். நீக்கியதும் 11 ஆகிவிட்டது. நீக்கப்பட்ட ஒரு மாதிரி லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டுடையது, 104. வீட்டில் வடிகட்டி பொருத்தியிருக்கிறார், அதனால் செல்லாது என்பது காரணம். வடிகட்டியும் தாண்டி 104 என்றால் இன்னும் அல்லவா கவலைப்பட்டிருக்க வேண்டும்! வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு அதே வீட்டில் வெவ்வேறு வேகத்தில் தண்ணீரைத் திறந்து சோதித்தபோது ஒரு மாதிரியில் 13,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது.

இப்போது உன் மீட்டருக்கு வா. 13,000 மைக்ரோகிராம் என்றால் 13 மில்லிகிராம். அந்தத் தண்ணீரை உன் டம்ளரில் ஊற்றியிருந்தால் 180 என்பது ஏறினாலும் 190ஐ ஒட்டித்தான் நின்றிருக்கும். உன் வரிசையில் அந்த வீட்டுக்கு நல்ல மதிப்பெண் விழுந்திருக்கும்.

எட்வர்ட்ஸ் குழு பிறகு ஊருக்கு 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பியது, மக்களே தண்ணீர் பிடித்து 250க்கு மேல் திருப்பித் தந்தார்கள். செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், மாற்றத்துக்குப் பின் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதை ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். அக்டோபர் 16 அன்று ஊர் மறுபடி டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது.

சரி, உன் சென்னைத் தெருவுக்கு வருவோம். அங்கே நான் முதலில் தேடுவது காரீயத்தை இல்லை, சாக்கடையை. பிளின்ட்டில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் இருந்தது. உங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் சில மணி நேரம் வரும், பிறகு நின்றுவிடும். அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்போது விரிசல் வழியே வெளியேதான் கசியும். நின்ற பிறகு வெற்றுக் குழாய் அதே விரிசல் வழியே வெளியில் உள்ளதை உள்ளே இழுக்கும். பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் போனால் எதை இழுக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். யாராவது நேரே லைனில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசம். அதனால்தான் தண்ணீர் விட்டதும் முதலில் வருவது கலங்கலாக, சில நாள் வாடையோடு வருகிறது.

இதற்குக் காவல் குளோரின்தான். வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சோதிப்பதும் சுலபம். டிபிடி மாத்திரை போட்டால் தண்ணீர் ரோஜா நிறமாகும், கிட்டோடு வரும் நிற அட்டையில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் பிடித்த இடத்திலேயே பார்த்துவிடு. பாட்டிலில் எடுத்துப்போய்ப் பள்ளியில் பார்க்கலாம் என்றிருந்தால் குளோரின் பறந்துவிடும். குளோரின் இருந்தால் எல்லாம் சுகம் என்றும் எழுதிவிடாதே. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சுமார் நான்கு லட்சம் பேரைப் படுக்கவைத்தது. அதற்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை.

அதனால் இருபது வீட்டை விட்டுவிடு, ஒரே வீட்டை எடுத்துக்கொள். அடிபம்பில் வரும் தெருத் தண்ணீர், சம்பு, மேல்தொட்டி, சமையலறைக் குழாய் என்று நான்கு இடத்திலும் ஒரே நாளில் குளோரின் பார். சம்பு கழுவி எத்தனை வருடமாயிற்று என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள். பல வீடுகளில் தெருவில் நன்றாக வந்த தண்ணீரை மேல்தொட்டிதான் கெடுக்கிறது. இதை நான் லேபில் இருந்த காலத்தில் அடிக்கடி பார்த்திருக்கிறேன், யாரும் நம்பமாட்டார்கள்.

கிருமிக்கு, ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் வாங்கிக்கொள். குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்ட நம் நாட்டு முறை அது. தண்ணீரைக் குறித்த அளவுக்கு ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் சந்தேகம் வலுவானது என்று அர்த்தம், கறுக்காவிட்டால் முழுச் சான்றிதழ் கிடையாது.

கறுத்த இடத்துத் தண்ணீரை மட்டும் லேபுக்குக் கொண்டுபோகலாம். அப்பாவை உடன் அழைத்துக்கொள். இங்கே மாதிரி எடுப்பது காரீயத்துக்கு நேர் எதிர். குழாய் முனையைத் துடைத்து, நெருப்பில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் முனையில் உங்கள் கை வைத்த அழுக்குக்குத்தான் ரிப்போர்ட் வரும். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடு. சனிக்கிழமை சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு நிற்காதே. லேப் தரும் பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கும். தண்ணீரில் மிஞ்சிய குளோரினை முறிக்கப் போட்டிருக்கும் சோடியம் தயோசல்பேட் அது. அது இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், லேபுக்குப் போகும்போது தண்ணீர் சுத்தமாகிவிட்டிருக்கும். அழுக்கு என்று நினைத்து அலசிக் கொட்டிவிடாதே. உன் அம்மா கையில் பாட்டிலைக் கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

அன்புடன்,
பெரியப்பா