மூன்றாவது போலீஸ்காரனின் சுருட்டு

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் கைப்பிரதியை இரண்டு முறை படித்துவிட்டேன். உன் துப்பறிபவன் நன்றாக வந்திருக்கிறான். பேச்சு ஓடுகிறது. மழையில் நடக்கும் அந்தத் துரத்தலின் பதினைந்து பக்கத்தையும் வைத்த கண் வாங்காமல் படித்தேன். ஆனால் உன் இன்ஸ்பெக்டரை என்னால் நம்ப முடியவில்லை. முதல் அத்தியாயத்தில் லஞ்சம் வாங்குகிறான், நடுவில் சாட்சியை மிரட்டுகிறான், கடைசியில் வெளியூரிலிருந்து வரும் நேர்மையான மேலதிகாரி அவனுக்கு விலங்கு மாட்டுகிறார். ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. தூங்காது, தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். துப்பறியும் கதை எழுத உட்கார்ந்திருக்கும் உன் வயதுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

டாஷியல் ஹாமெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலைத் தேடிப் பிடித்துப் படி. 1927 நவம்பர் முதல் 1928 பிப்ரவரி வரை 'பிளாக் மாஸ்க்' இதழில் நான்கு பகுதிகளாக வந்து, 1929இல் புத்தகமானது. குட்டையான, பருத்த, நடுவயதுத் துப்பறிபவன் ஒருவன் பெர்சன்வில் என்ற சுரங்க ஊருக்கு வருகிறான். கதை சொல்வதும் அவன்தான். கடைசிவரை தன் பெயரைச் சொல்வதில்லை. நாற்பதாயிரம் பேர் வாழும் அழுக்கடைந்த ஊர். பழகியவர்கள் வாயில் அதன் பெயர் பாய்சன்வில், அதாவது விஷ ஊர். அவனை வரவழைத்த, பத்திரிகை நடத்தும் டொனால்ட் வில்சன், அவன் போய்ப் பார்ப்பதற்குள் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

முதல் பக்கத்திலேயே நில். ஊருக்குள் நுழைந்ததும் மூன்று போலீஸ்காரர்கள் அவன் கண்ணில் படுகிறார்கள். ஒருவன் முகம் மழிக்கவில்லை. அடுத்தவன் சீருடையில் இரண்டு பொத்தானைக் காணோம். மூன்றாமவன் நாற்சந்தி நடுவில் நின்று வண்டிகளுக்குக் கைகாட்டுகிறான், வாயோரத்தில் சுருட்டு. நான்காவது ஆளைப் பார்க்க அவன் மெனக்கெடுவதில்லை. லஞ்சம், ஊழல் என்ற பேச்சே அங்கே எழவில்லை. ஆனால் பொத்தான் அறுந்த சட்டையோடு ஒருவன் பணிக்கு வர முடிகிறது என்றால், அவனை நிறுத்திக் கேட்க மேலே ஆள் இல்லை என்று பொருள். அவன் பயப்பட வேண்டிய ஆள் ஸ்டேஷனுக்குள் இல்லை, வேறெங்கோ இருக்கிறான். அந்த வேறெங்கோ எது என்பதுதான் முழு நாவலும்.

அது ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கிறது. எலிஹு வில்சன், கொலையானவரின் தந்தை. சுரங்கம் அவருடையது, வங்கி அவருடையது, காலைப் பத்திரிகையும் மாலைப் பத்திரிகையும் அவருடையவை. ஒரு காலத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் எட்டு மாதம் நீடித்தது. அதை உடைக்கக் கருங்காலிகளையும் துப்பாக்கி அடியாட்களையும் இறக்கினார். சங்கம் நொறுங்கியது. ஆனால் வந்த அடியாட்கள் திரும்பிப் போகவில்லை; ஊரையே கூலியாக எடுத்துக்கொண்டார்கள். சூதாட்டம் ஒருவனுக்கு, சாராயம் ஒருவனுக்கு, திருட்டு நகை ஒருவனுக்கு என்று பங்கு பிரிந்தது. கிழவரால் அவர்களை வெளியே தள்ள முடியவில்லை, ஏனென்றால் வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் செய்ததெல்லாம் அவர் சொல்லிச் செய்தவை. போலீஸ் தலைவன் நூனன் அந்தப் பங்காளிகளில் ஒருவன், அவ்வளவுதான். உன் நாவலில் இன்ஸ்பெக்டருக்கு மேலே யாருமே இல்லை, தம்பி. மாமூல் அவன் சட்டைப்பையோடு நின்றுவிடுகிறது. எந்த ஊரில் நின்றிருக்கிறது?

ஹாமெட் இதைக் கற்பனையில் மட்டும் பிடிக்கவில்லை. 1915இல் பால்டிமோரில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். ராணுவம், காசநோய் என்று இடையிடையே விட்டாலும் 1922 வரை அந்த வேலை அவரோடு இருந்தது. பிங்கர்ட்டன் ஆட்களை முதலாளிகள் எதற்கெல்லாம் அமர்த்தினார்கள் என்பது அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் ரத்தத்தோடு பதிவாகியிருக்கிறது. பெர்சன்வில்லுக்குப் பின்னால் இருப்பது மொன்டானா மாநிலத்தின் ப்யூட் என்ற செம்புச் சுரங்க ஊர் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அதில் சந்தேகமில்லை. அந்த ஊரில் அனகோண்டா என்ற சுரங்க நிறுவனம் வைத்ததுதான் சட்டம். 1917 ஜூன் 8ஆம் தேதி அங்கே ஸ்பெகுலேட்டர் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 தொழிலாளர்கள் செத்தார்கள். அதையடுத்து வேலைநிறுத்தம். அதற்குத் துணைநிற்க வந்த ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை ஆகஸ்ட் 1ஆம் தேதி விடிவதற்குள், முகமூடி போட்ட சிலர், அவர் தங்கியிருந்த அறையிலிருந்து இழுத்துப்போய், காரில் கட்டித் தெருவில் இழுத்து, ரயில் பாலத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. லிட்டிலைக் கொல்லத் தனக்கு 5,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்று ஹாமெட் தன்னிடம் கூறியதாக எழுத்தாளர் லில்லியன் ஹெல்மன் பின்னாளில் எழுதினார். அதை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. அது எப்படியிருந்தாலும், பணம் கொடுப்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அந்த வேலையில் இருந்த ஒருவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இப்போது நூனனுக்கு வருகிறேன். நீ பாடமாகவே படிக்க வேண்டிய பாத்திரம் அவன்தான். உருண்டை முகம், சிரித்த கண், வாய் நிறைய நட்பு. அதே கையால் துப்பறிபவனைச் சுட்டுத்தள்ள ஏற்பாடு செய்கிறான். இதோடு ஹாமெட் விட்டிருந்தால் உன் இன்ஸ்பெக்டரும் அவனும் ஒன்று. ஆனால் நூனனுக்கு டிம் என்று ஒரு தம்பி இருந்தான், செத்துப்போனான். மேக்ஸ் தேலர் என்ற சூதாடிதான் கொன்றான் என்று நம்பி நூனன் பழிவெறியில் அலைகிறான். உண்மையில் கொன்றவன் மெக்ஸ்வெயின், முன்னாள் போலீஸ்காரன். சாகும் வாய் முழுதாகச் சொல்லி முடிக்காத அந்தப் பெயர் கேட்டவர் காதில் மேக்ஸ் என்று விழுந்துவிட்டது. வெட்டும் குத்தும் பெருகப் பெருக நூனன் உள்ளுக்குள் சரிகிறான். இந்தக் கொலைகள் போதும், இனித் தாங்காது என்று புலம்புகிறான். சமாதானம் பேச எல்லாரையும் கிழவரின் வீட்டில் கூட்டுகிறான். ஊரையே விற்றவன் ஒருவன் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவன் செய்தது எதையும் நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அடைத்தது.

அந்தக் கூட்டத்தில் துப்பறிபவன் என்ன செய்கிறான் தெரியுமா? சமாதானத்தை உடைக்கிறான். யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, ஒருவர்மேல் ஒருவரை ஏவுகிறான். அன்றிரவு டைனா பிராண்ட் என்ற பெண்ணிடம் அவனே ஒப்புக்கொள்கிறான்: தான் செய்த வேலையால் நூனன் இன்னொரு நாள் உயிரோடிருக்க வழியில்லை என்று தெரிந்தே அவனைப் பார்த்துச் சிரித்தானாம், உள்ளே இதமாக இருந்ததாம். கிழவரைப் பிடித்து முறையாக முடித்திருக்கலாம், கொல்லவிடுவது சுலபமாக இருந்தது என்றும் சொல்கிறான். மறுநாள் காலை கண்விழிக்கும்போது அவன் கை ஒரு பனிக்கட்டிக் குத்தூசியின் பிடியில் இருக்கிறது. ஊசி டைனாவின் மார்பில் இருக்கிறது. நான் செய்யவில்லை என்று அவனாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூட வேலை பார்க்கும் டிக் ஃபோலியே சந்தேகப்படுகிறான். செய்தது யார் என்பதை நீயே படித்துத் தெரிந்துகொள்.

ஊழல் போலீசைப் பற்றி இதைவிட ஆழமாகச் சொன்ன துப்பறியும் நாவலை நான் படித்ததில்லை. ஊரைச் சுத்தம் செய்யப் புறப்பட்டவனுக்கு நூனனின் நோய் தொற்றிவிடுகிறது. உன் கதாநாயகன் முன்னூறு பக்கம் சாக்கடையில் நடந்தும் வேட்டியில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. அவன் சாட்சியை ஏமாற்றும் இடம் ஒன்று, பூட்டை உடைக்கும் இடம் ஒன்று இருக்கின்றன. இரண்டையும் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடிவிட்டு ஓடுகிறாய். அங்கே நின்று அவன் முகத்தைப் பார்.

முடிவைப் பற்றி ஒன்று. துப்பறிபவன் வேலையைத் தொடங்கக் கிழவர் 10,000 டாலருக்குக் காசோலை எழுதித் தந்திருந்தார். பயம் தெளிந்ததும் திருப்பிக் கேட்டார், அவன் கொடுக்கவில்லை. கடைசியில் பங்காளிகள் எல்லாரும் செத்தபின், ஆளுநரைக் கூப்பிட்டுப் படையை இறக்கு என்று கிழவரை அவன் நெருக்குகிறான். படை வருகிறது, ஊர் துடைக்கப்படுகிறது. துடைத்த ஊர் யார் கைக்குப் போகிறது? அதே கிழவர் கைக்கு. தன் நிறுவனத்துக்கு அவன் பூசி மெழுகி எழுதும் அறிக்கையும் எடுபடவில்லை. மேலாளர் கண்டுபிடித்துத் திட்டுகிறார். விலங்கு மாட்டும் உன் கடைசி அத்தியாயத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படி.

நடையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஹாமெட்டின் குட்டை வாக்கியங்களைத் தமிழில் நகலெடுக்காதே. உனக்கு உன் ஊர்ப் பேச்சு இருக்கிறது, அது போதும்.

உன் இன்ஸ்பெக்டருக்கு இப்போதைக்கு ஒரு பெயரும் ஒரு மீசையும் மட்டும்தான் இருக்கின்றன. அவன் யாரைப் பிடித்து அந்த ஸ்டேஷனுக்கு மாறுதல் வாங்கினான், வசூலில் எவ்வளவு மேலே போகிறது, அதை எடுத்துப்போகும் ஏட்டு வழியில் எந்தக் கடையில் டீ குடிக்கிறான், இரவு வீட்டுக்குப் போனதும் இன்ஸ்பெக்டர் யாரோடு பேசுகிறான், இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஒரு அத்தியாயத்தை எழுதிப் பொங்கலுக்குள் அனுப்பு. மற்ற அத்தியாயங்களை அதன்பிறகு உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்