ஃபேனை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கட்டிய ஆம்பின் படங்களைப் பார்த்தேன். வயரிங் சுத்தம். ஹீட்சிங்க் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறாய், சபாஷ். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய போர்டைப் பெட்டிக்குள் அப்படியே திணிக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் "சூடாகுது அண்ணா, இன்னும் பெரிய ஃபேன் போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாயே, வேண்டாம். இருக்கிற ஃபேனே போதும். அது எப்போது வேகமெடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

முதலில் கணக்கு. உன் சப்ளை பிளஸ் மைனஸ் 35 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். வால்யூமை முழுதாகத் திருப்பினால்தான் சூடு அதிகம் என்று தோன்றும். ஏபி வகை ஆம்பில் அப்படியில்லை. முழுப் பவரில் சுமார் 40 சதவீதம் போகும் இடத்தில்தான் டிரான்சிஸ்டர்கள் மிக அதிகம் காய்கின்றன. உனக்கு அது ஸ்பீக்கருக்கு 62 வாட், ஹீட்சிங்க்குக்கும் 62 வாட். முழு வால்யூமில் ஹீட்சிங்க்கின் பங்கு 42 வாட்தான். இது சைன் அலைக்கான கணக்கு. பாட்டுக்குச் சராசரி இதைவிடக் குறையும்.

அப்படியானால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களான 5200, 1943 ஒவ்வொன்றுக்கும் 31 வாட். சிப்பிலிருந்து முதுகுத் தகட்டுக்கு வாட்டுக்கு 0.83 டிகிரி, மைகாவும் கம்பவுண்டும் சேர்ந்து அரை டிகிரி என்று வைத்துக்கொள். ஹீட்சிங்க் 60 டிகிரி காட்டும்போது உள்ளே சிப் 100-ஐத் தாண்டியிருக்கும். அதன் எல்லை 150. கம்பவுண்டைச் சப்பாத்தி மாவு மாதிரி அப்பியிருந்தால் அந்த அரை டிகிரி எங்கேயோ போய்விடும், எந்த ஃபேனாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. மெல்லிய பூச்சு போதும்.

அடுத்து பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட். இதை யாரும் கவனிப்பதில்லை. பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட்சிங்க்கில் திருகுவது, அது அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் சூட்டை உணர்ந்து அந்தக் கரண்டைக் குறைப்பதற்காக. உன் படத்தில் ஃபேன் காற்று நேராக அதன் மேல் அடிக்கிறது. அது குளிர்ந்தால், மற்றவையும் குளிர்ந்துவிட்டன என்று நினைத்துக் கரண்டை ஏற்றிவிடும். சூடு குறைக்க வைத்த ஃபேனே சூட்டைக் கூட்டும்! காற்றைப் பட்டைகள் பக்கம் திருப்பு. பிறகு, பாட்டு இல்லாமல், 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மல்டிமீட்டரை வைத்து, ஆம்ப் குளிர்ந்திருக்கும்போதும் நன்றாகக் காய்ந்த பிறகும் மில்லிவோல்ட்டைப் பார். காயக் காய நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஃபேன் வேலையை மூட்டைகட்டி வைத்துவிட்டு பயாஸைச் சரிசெய்.

இனி ஃபேன் கண்ட்ரோல். சூட்டை அளக்கும் சென்சாரை ஹீட்சிங்க்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறாய். அங்கே சூடு தாமதமாக வரும், குறைவாகவும் வரும். டிரான்சிஸ்டரை ஒட்டி, காற்று படாத இடத்தில் திருகு. கண்ட்ரோலுக்கு மைக்ரோ கண்ட்ரோலர் எல்லாம் தேவையில்லை. அதே இடத்தில், ஃபேனுக்குத் தொடராக, 50 டிகிரியில் மூடிக்கொள்ளும் தெர்மல் ஸ்விட்ச் ஒன்று, அதற்கு இணையாக 82 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 12 வோல்ட், 0.15 ஆம்பியர் ஃபேனுக்குச் சாதாரண நேரத்தில் சுமார் பாதி வோல்ட்டேஜ்தான் கிடைக்கும், சத்தமே கேட்காது. 50 தொட்டதும் முழு வேகம். ஸ்விட்ச் மூடுவதைவிடக் குறைந்த சூட்டில்தான் திறக்கும் என்பதால் ஃபேன் விட்டுவிட்டுத் துடிக்காது. ரெசிஸ்டர் வழியாக ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். சில ஃபேன்கள் அடம்பிடிக்கும்.

ஃபேனுக்குத் தனிச் சப்ளை கொடு. அதன் கிரவுண்டை சிக்னல் கிரவுண்டோடு சேர்த்தால் மோட்டாரின் முனகல் ட்வீட்டரில் கேட்கும்.

கடைசியாக, 85 டிகிரியில் திறக்கும் இன்னொரு தெர்மல் ஸ்விட்ச், 250 வோல்ட் தாங்குவது, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் தொடராக. ஹீட்சிங்க் 85 என்றால் சிப் 126, எல்லைக்குள்தான். மெயின்ஸ் ஓடும் முனைகள், ஸ்லீவ் போட மறக்காதே. ஃபேன் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடு மாட்டி, அந்த 40 சதவீதப் பவரில் ஓட்டு. ஸ்விட்ச் தானாகக் கரண்டை வெட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடிக்கு ஸ்க்ரூ போடு.

அன்புடன்,
அண்ணன்