நீரிழிவு உள்ளோரின் உணவு: உற்றாருக்கு உணர்த்தும் முறை

சித்தூர் வட்டாரத்தில் வீட்டிற்கு விருந்தினர் வந்தால் முதலில் இலை விரிக்கப்படும். வந்த காரியம் பிறகுதான் விசாரிக்கப்படும். திருமலைக்குச் சென்று திரும்பியவர் அண்டை அயலாருக்கு லட்டுப் பிரசாதம் வழங்குவதும் நெடுநாளைய வழக்கம். இத்தகைய சூழ்நிலையில் நீரிழிவு உள்ள ஒருவர் "போதும்" என்று சொல்வது எளிதன்று. "ஒரு லட்டினால் என்ன ஆகிவிடும்?" என்று உறவினர் அன்போடு வற்புறுத்துவர். ஆகையால் நோயாளிக்கு மட்டும் அறிவுரை கூறினால் போதாது. சமைப்பவரும், பரிமாறுபவரும், உபசரிப்பவரும் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம். இதை எடுத்துரைப்பதற்குக் கள ஊழியரும் பள்ளி ஆசிரியருமே ஏற்றவர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. எனவே இது ஏதோ ஒரு சில குடும்பங்களின் பிரச்சினையன்று.

உடலில் நிகழ்வது என்ன?

அரிசி, கோதுமை, ராகி ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து ஜீரணமாகிக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், இச்சர்க்கரை உடலின் செல்களுக்குள் செல்ல உதவுகிறது. இன்சுலின் போதாமற்போனாலும், அது செவ்வனே வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடும். இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கண், சிறுநீரகம், நரம்பு, இருதயம் ஆகியவை பழுதடையும். இத்தீங்கு வலியின்றி வளர்வதனால்தான் வீட்டார் அதை நம்புவதில்லை.

திருத்த வேண்டிய எண்ணங்கள்

"இனிப்பைத் தவிர்த்தால் போதும்" என்பது முதலாவது. இனிப்பில்லாத சோறும் இரத்தத்தில் சர்க்கரையாகவே முடிகிறது. ஆகவே சோற்றின் அளவையும் கவனிக்க வேண்டும்.

"வெல்லம் தீங்கு செய்யாது" என்பது இரண்டாவது. கரும்பு விளைந்து வெல்லம் காய்ச்சப்படும் சித்தூர்ப் பகுதியில் இந்த நம்பிக்கை மிகுதி. வெல்லத்தில் சிறிதளவு தாது உப்புக்கள் இருப்பது உண்மையே. ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான்.

"ராகிக் களியை எவ்வளவும் உண்ணலாம்" என்பது மூன்றாவது. 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து உள்ளது; அதே எடை ராகியில் சுமார் 67 கிராம். நார்ச்சத்தோ அரிசியில் சுமார் 3 கிராம், ராகியில் சுமார் 11 கிராம். எனவே ராகி நல்ல உணவே. ஆனால் ஓர் உருண்டைக்குப் பதில் மூன்று உருண்டை உண்டால் அந்த நன்மை மறைந்துவிடும்.

தட்டைக் கொண்டு விளக்குதல்

புள்ளிவிவரங்களைவிட ஒரு சாப்பாட்டுத் தட்டு நன்றாகப் பாடம் கற்பிக்கும். தட்டின் பாதியில் காய்கறியும் கீரையும், கால் பங்கில் பருப்பு, முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கில் சோறு அல்லது களி எனப் பரிமாறிக் காட்டலாம். உருளைக்கிழங்கைக் காய்கறியோடு சேர்க்காமல் சோற்றின் பங்கில் சேர்க்க வேண்டும். இவ்வட்டாரத்தில் வழங்கும் கீரைப் பருப்பு இம்முறைக்கு மிகவும் பொருந்தும். நோயாளிக்கெனத் தனி உலை வைக்கத் தேவையில்லை. இவ்வுணவு வீட்டார் அனைவருக்கும் நன்மை தருவதே.

பிரசாதத்தை மறுப்பது பலருக்கு மனவருத்தம் தரும். திருப்பதி லட்டில் கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை ஆகியன சேர்கின்றன. வழக்கமான ஒரு லட்டின் எடை சுமார் 175 கிராம். ஆனால் பிரசாதத்தின் பெருமை அதன் அளவைப் பொறுத்ததன்று. ஒரு விள்ளலைப் பெற்றுக்கொண்டாலும் பக்தி நிறைவுறும். முழு லட்டையும் கையில் திணிக்காமல் விள்ளலாக அளிப்பதே உற்றாரின் உதவி.

பட்டினியின் அபாயம்

இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ உபயோகிப்பவர் உணவைத் தவிர்ப்பது ஆபத்தானது. அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் பாதையில் சுமார் 3,550 படிகள் உண்டு. மருந்தை எடுத்துக்கொண்டு, விரதமிருந்து, இப்படிகளில் ஏறுபவருக்கு இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிஷத்தில் தெளிவு வராவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். இச்சமயத்தில் லட்டு ஏற்றதன்று. அதிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊட்டலாகாது. மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். யாத்திரைக்கு முன்னரே மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டறிவது உத்தமம்.

பள்ளிகளிலும் இன்சுலின் எடுத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அக்குழந்தை பாடவேளையில் சிற்றுண்டி உண்ண நேர்ந்தால் ஆசிரியர் தடுத்தலாகாது. காரணத்தை மற்ற மாணவருக்கும் விளக்குதல் நன்று.

இனிப்பை வற்புறுத்தாதிருக்க வேண்டிய வேளை உண்டு. அதையே தாமதமின்றிக் கொடுக்க வேண்டிய வேளையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியும் சுற்றத்தார் வாய்த்தால், நீரிழிவு உள்ளவர் பந்தியை விட்டு விலகி உட்கார வேண்டியதில்லை.