வளைபாதம் நிமிர்த்தும் இருவழிகள்

பிறக்கும்போதே பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலேறி அமைந்திருத்தலை வளைபாதம் என்பர். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றிற்கு இக்குறை நேர்கிறது. இதனைச் சீர்செய்யும் இரு முறைகளை ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, விரிவான திறந்த அறுவை. பாதத்தின் பின்புறத்தையும் உட்புறத்தையும் திறந்து, இறுகிய தசைநாண்களை நீட்டியும், மூட்டுறைகளை வெட்டியும் எலும்புகளை ஒரே அமர்வில் நேர்ப்படுத்துவர். 1971இல் அமெரிக்க மருத்துவர் டர்கோ இம்முறையை விளக்கி எழுதியபின் இது பெரிதும் பரவிற்று. விரைவே இதன் சிறப்பு.

இரண்டாவது, இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறை. ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா தீவில் 1914இல் பிறந்த இவர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கு முன்னர் அறுவை செய்யப்பெற்றோரை ஆராய்ந்து, அவர்தம் பாதங்கள் விறைத்து வலித்தலைக் கண்டார். பச்சிளங் குழந்தையின் இணைப்பு நார்களோ நெகிழும் இயல்பின. ஆதலின் பாதத்தைக் கையால் மெல்ல வெளிப்புறம் திருப்பி மாவுக்கட்டிட்டு, வாரந்தோறும் அதனை மாற்றினார். ஐந்தாறு கட்டுகளில் வளைவு பெரும்பாலும் நீங்கும். எஞ்சும் குதிகால் இறுக்கத்திற்காகப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிநாணைச் சிறு கீறல் வழியே அறுப்பர். மூன்று வாரக் கட்டினுள் அது நீண்ட நிலையில் கூடிவிடும்.

இவற்றுள் எது சிறந்தது? காலமே விடை கூறிற்று. பொன்செட்டி முறையில் மருத்துவம் பெற்ற 45 பேரின் 71 பாதங்களை முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஆராய்ந்த முடிவு 1995இல் வெளியாயிற்று. 78 விழுக்காட்டினர் நன்னிலையில் இருந்தனர். பிறவிக்குறையே இல்லாதாரிடம் இது 85 விழுக்காடு. விரிவான அறுவை பெற்றோரைப் பற்றி 2006இல் வெளியான நெடுநாள் ஆய்வோ, பலரிடம் விறைப்பும் வலியும் மூட்டுத் தேய்வும் இருத்தலைக் காட்டிற்று. வெட்டிய இடங்களில் தழும்பு இறுகுதல் இதற்கொரு காரணமாகும்.

எனினும் சிறு கீறலோடு கடமை முடிவதில்லை. இரு காலணிகளைத் தண்டால் இணைத்த தாங்கியை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கு வயதுவரை உறங்கும்போதும் அணிவித்தல் வேண்டும். பாதம் நேராயிற்றே எனப் பெற்றோர் இதனைக் கைவிடுதலே வளைவு மீளுதற்குத் தலையாய காரணம். மீண்டும் வளைந்த பாதங்கட்கும், கட்டுகளுக்கு இணங்காத கடின வகைகட்கும் அறுவை இன்றும் தேவைப்படலாம். ஆகவே அறுவை பகையன்று. அஃது இறுதித் துணை.

பாதம் இன்று நேராயிற்றா என்பதைவிட, முப்பது வயதில் வலியின்றி நடக்குமா என்பதே உரிய அளவுகோல். அந்நடையின் ஒரு பாதி மருத்துவர் கையில் உள்ளது. மறுபாதி, இரவுதோறும் தாங்கியைப் பூட்டும் பெற்றோர் கையில் உள்ளது.