இலையுதிர் காலத்தில் ஒரு பாய்மரப் பயணம்

கோடை விடுமுறை வந்தால் ஐரோப்பியர் பலர் கிரேக்க நாட்டுத் தீவுகளை நாடிச் செல்வர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்குள்ள சிறு துறைமுகங்கள் படகுகளால் நிரம்பி வழியும். பிற்பகலில் வந்து சேரும் படகுக்கு இடம் கிடைப்பதே அரிது. செப்டம்பர் மாத இறுதியில் இந்தக் காட்சி மாறிவிடும். பள்ளிகள் திறந்துவிடுவதால் குடும்பங்கள் பல ஊர் திரும்பிவிடும். அந்த அமைதியை விரும்பியே சிலர் அதன் பிறகு பயணம் புறப்படுகின்றனர்.

கிரேக்க நாட்டின் மேற்கில் அயோனியன் கடல் உள்ளது. லெஃப்கடா, மெகனீசி, இத்தாகா, கெஃபலோனியா ஆகிய தீவுகள் அங்கு ஒன்றுக்கொன்று அருகில் அமைந்துள்ளன. ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு தெரியும். அதனால், அனுபவம் குறைந்தவர்களும் அங்குப் படகு செலுத்தலாம். 1970களிலிருந்து கிரேக்கத் தீவுகளில் கூட்டுப் பாய்மரப் பயணங்கள் நடைபெற்று வருகின்றன. பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரு குழுவாகச் சேர்ந்து செல்லும். ஒவ்வொரு படகையும் அதில் பயணம் செய்யும் குடும்பத்தினரோ நண்பர்களோ செலுத்துவர். குழுவிற்கு வழிகாட்ட ஒரு முன்னணிப் படகும் உண்டு. அதில் குழுத்தலைவர், பழுதுபார்ப்பவர், பயணிகளின் தேவைகளைக் கவனிப்பவர் ஆகியோர் இருப்பர்.

ஒவ்வொரு நாள் காலையிலும் படகுத்துறையில் ஒரு கூட்டம் நடைபெறும். அன்று காற்று எந்தத் திசையிலிருந்து வீசும், எங்கே பாறைகள் உள்ளன, மாலையில் எந்தத் துறைமுகத்தை அடைய வேண்டும் என்பதைக் குழுத்தலைவர் விளக்குவார். அதன் பிறகு ஒவ்வொரு படகும் தனக்கு ஏற்ற வேகத்தில் செல்லலாம். ஒரு நாளில் 10 முதல் 20 கடல் மைல் வரை பயணம் அமையும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் சென்றால் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அந்தத் தொலைவைக் கடந்துவிடலாம்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். அயோனியன் கடலில் அப்படியில்லை. ஜூன் மாதத்தில் அங்குச் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அக்டோபர் மாதத் தொடக்கத்திலோ ஏழு மணியைச் சற்றுத் தாண்டியதும் மறைந்துவிடும். எனவே, பயணிகள் காலையிலேயே புறப்பட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கரை சேர்கின்றனர்.

காற்றும் மாறிவிடுகிறது. திசைக்கேற்பக் காற்றுக்குத் தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் தமிழர் பெயரிட்டதுபோல், கோடைப் பிற்பகல்களில் வீசும் வடமேற்குக் காற்றை அங்குள்ளோர் ‘மாயிஸ்ட்ரோ’ என அழைக்கின்றனர். இலையுதிர் காலத்தில் அதன் வலிமை குறைந்துவிடும். சில நாள்களில் பாய்கள் காற்றின்றித் தொய்ந்து தொங்கும். அவசரப்படுபவர்கள் இயந்திரத்தை இயக்கிச் சென்றுவிடுவர். காத்திருப்பவர்களுக்கோ வேறு அனுபவம் கிடைக்கும். படகின் அடியில் நீர் உரசும் ஓசையும், கரையில் மேயும் ஆடுகளின் மணியோசையும் அவர்களின் காதுகளை எட்டும்.

அக்காலத்தில் கடல் நீர் குளிராக இருக்கும் என எண்ணத் தோன்றும். உண்மையில், அக்டோபர் மாதத் தொடக்கத்திலும் அதன் வெப்பநிலை 22 முதல் 24 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நிலத்தைவிட நீர் மெதுவாகவே சூடேறும், மெதுவாகவே குளிரும். கோடையில் சேர்ந்த வெப்பத்தைக் கடல் சில வாரங்கள் தேக்கி வைத்துக்கொள்கிறது. அதனால், மாலைக்காற்று குளிர்ந்தாலும் பயணிகள் மகிழ்ச்சியுடன் நீந்துகின்றனர்.

மாலையில் கரை சேர்வது குழுவின் ஒற்றுமைக்கு ஒரு சோதனை. முதலில் நங்கூரத்தைக் கடலில் இறக்க வேண்டும். பிறகு, படகைப் பின்னோக்கிச் செலுத்திக் கரையை நெருங்க வேண்டும். இறுதியாக, பின்பக்கத்திலுள்ள இரு கயிறுகளையும் கரையில் கட்ட வேண்டும். பக்கவாட்டில் காற்று அடித்தால் படகு திசை மாறிப் பக்கத்துப் படகில் மோதக்கூடும். ஆதலால், முன்னரே வந்தவர்கள் கரையில் நின்று அடுத்த படகின் கயிற்றைப் பிடித்துக் கட்டுவர். முதல் நாளில் அறிமுகமற்றவர்களாக இருந்தோர், வாரக் கடைசியில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பேசும் அளவுக்கு நெருங்கிவிடுவதற்கு இந்தக் கயிறுகளும் ஒரு காரணம்.

கரையிலும் வேகம் குறைந்திருக்கும். கெஃபலோனியாவில் ஃபிஸ்கார்டோ என்னும் துறைமுகச் சிற்றூர் உள்ளது. 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அத்தீவின் பெரும்பாலான கட்டடங்கள் இடிந்தபோதும், இவ்வூரின் பழைய வீடுகள் பல தப்பின. கோடைக்கூட்டத்தில் அவற்றை நின்று பார்ப்பது கடினம். அக்டோபரில் தெருக்களில் நிதானமாக நடக்கலாம். உணவகத்தை மூடத் தயாராகும் உரிமையாளருக்கும் வந்தவரோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். தீவுகளின் ஆலிவ் தோப்புகளிலோ அறுவடைக்கான வலைகளை மரத்தடியில் விரிக்கும் காலம் நெருங்கிவிடும்.

எனினும், அமைதியான கடல் எப்போதும் அமைதியாக இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. நீந்துவோருக்கு இதம் தரும் அதே வெப்பம் புயலுக்கும் வலிமை தருகிறது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ‘இயானோஸ்’ என்னும் புயல் கெஃபலோனியா, இத்தாகா, ஜாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கியது. படகுகள் சில மூழ்கின. சில கரையில் தூக்கி எறியப்பட்டன. அத்தகைய பெரும்புயல் அரிது என்றாலும், இடியுடன் கூடிய மழை அக்காலத்தில் புதிதன்று.

ஆகவே, காலைக் கூட்டத்தில் சில வேளைகளில் “இன்று புறப்பட வேண்டாம்” என்ற முடிவும் எடுக்கப்படுகிறது. ஒரு வாரமே விடுமுறை பெற்று வந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். தன் படகைத் தானே செலுத்தத் தெரிந்தவருக்கு அந்த முடிவை ஏற்பது இன்னும் கடினம். ஆனால், ஒரு படகு தனியே சென்று ஆபத்தில் சிக்கினால், அதைத் தேடிச் செல்வோரின் உயிரும் ஆபத்துக்கு உள்ளாகும். இதை உணர்ந்தவர்கள் கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டுத் துறைமுகத்திலேயே தங்குகின்றனர். ஒரு படகில் சமையல், மற்றொரு படகில் சீட்டாட்டம், இன்னொன்றில் பேச்சு என அந்த நாள் கழிகிறது.

விரைவாகச் செல்வதும் அதிக இடங்களைப் பார்ப்பதுமே பயணத்தின் பயன் என்று பலர் கருதுகின்றனர். பருவத்தின் இறுதியில் பாய் விரிப்பவர்களுக்கு அவ்விரண்டும் குறைவாகவே கிடைக்கின்றன. காற்று வரும்வரை பொறுத்திருப்பதும், பின்னால் வருபவருக்காகக் கரையில் நிற்பதும், புறப்படாத நாளையும் பயணத்தின் ஒரு பகுதியாக ஏற்பதுமே அவர்கள் பெறும் இன்பம். அந்த இன்பம் தனியாக வருபவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. இலையுதிர் காலத்திலும் கடல் நீர் இதமாக இருப்பதற்குக் காரணம் என்ன? அதனால் விளையும் நன்மையையும் ஆபத்தையும் கூறுக.

2. “இன்று புறப்பட வேண்டாம்” என்ற முடிவை ஏற்க மறுக்கும் ஒருவரிடம் நீ என்ன கூறுவாய்?

3. குழுவாகச் செயல்பட்டபோது மற்றவருக்காக நீ காத்திருந்த ஓர் அனுபவத்தை 80 சொற்களில் எழுதுக.