நூற்றுப் பதினோராம் இடம்

துபாய் கர்ஹூத் பகுதியிலுள்ள டென்னிஸ் அரங்கிலே ஆண்டுதோறும் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் வந்து ஆடுவதை நம் மாணவச் செல்வங்கள் அறிவர். துபாயிலும் தோகாவிலும் இப்பெரும் போட்டிகள் 1993ஆம் ஆண்டு தொடங்கின. 2019இல் ரோஜர் பெடரர் தம் நூறாவது பட்டத்தை வென்றதும் துபாயில்தான். கோப்பையை ஏந்தி நிற்பவரின் படத்தை நாம் செய்தித்தாளிலே காண்கிறோம். ஆயின், அதே தாளின் மூலையில் சிற்றெழுத்தில் அச்சாகும் பெயர்களுக்கு உரியோர் யாவர்? அவர்தம் வாழ்வு எத்தகையது? இவ்வாண்டு மலரில் இதனையே பாடமாகக் கொள்வோம்.

தரவரிசை என்னும் ஏணி

தொழில்முறை டென்னிசில் ஆடவர் ஒற்றையர் தரவரிசையில் ஏறத்தாழ 2,000 பேர் இடம்பெறுகின்றனர். கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளே கணக்கில் கொள்ளப்படும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் பெற்ற புள்ளிகள் இவ்வாரம் நீங்கிவிடும். ஆகவே, நின்ற இடத்தில் நிற்பதற்கே மீண்டும் வெல்ல வேண்டும். விசாவைக் காலந்தோறும் புதுப்பித்து வாழும் வளைகுடாத் தமிழர்களாகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஏணியின் அடிப்படியில் மொத்தப் பரிசு 15,000 டாலர் கொண்ட சிறு போட்டிகள் உள்ளன. அவற்றில் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர் கிட்டும். முதற்சுற்றில் தோற்றவருக்கோ 156 டாலர், அதாவது ஏறத்தாழ 570 திர்ஹம். விமானக் கட்டணம், விடுதி வாடகை, பயிற்சியாளர் ஊதியம், மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு ஆகியவை பெரும்பாலும் ஆட்டக்காரரையே சாரும். அதற்கு மேற்படியில் சேலஞ்சர் போட்டிகள். அதற்கும் மேலே துபாய், தோகா போன்ற முதல்தரப் போட்டிகள். உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகள்.

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 இடங்கள் உண்டு. அவற்றுள் 104 இடங்கள் தரவரிசைப்படி நேரடியாக அளிக்கப்படும். எட்டு இடங்கள் சிறப்பு அழைப்பினருக்கு உரியவை. எஞ்சிய 16 இடங்களுக்காக 128 பேர் தகுதிச்சுற்றில் மோத வேண்டும். மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றவரே உட்புகலாம். 2019ஆம் ஆண்டு விம்பிள்டனில் முதற்சுற்றில் தோற்றவருக்கும் 45,000 பவுண்டு கிடைத்தது. வாசலுக்கு உள்ளே நிற்பதற்கும் வெளியே நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சென்னையிலிருந்து புறப்பட்டவர்

ராம்குமார் ராமநாதன் 1994ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் சென்னையிலே பிறந்தவர். ஸ்பெயினின் பார்சிலோனாவில் சான்செஸ்-காசல் பயிற்சிக் கழகத்தில் பயின்றார். 2014 சென்னை ஓப்பனில் சோம்தேவ் தேவ்வர்மனை வென்று கவனம் பெற்றார். 2017 ஜூனில் துருக்கியின் அந்தாலியா நகரில், 222ஆம் இடத்திலிருந்த இவர், உலகின் எட்டாம் நிலை வீரரான டொமினிக் தீமை 6-3, 6-2 எனத் தோற்கடித்தார். 2018 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் புல்தரையில் இறுதியாட்டம் வரை சென்று, ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட்களில் தோற்றார். 2011க்குப் பின் முதல்தர ஒற்றையர் இறுதியை எட்டிய முதல் இந்தியர் இவரே.

அம்மாதம் 30ஆம் நாள் அவர் எட்டிய இடம் 111. அவர் வாழ்விலேயே மிக உயர்ந்த இடம் அதுதான். நேரடி நுழைவுக்குரிய 104 இடங்களை இதனோடு ஒப்பிடுங்கள்! உலகில் நூற்றுப் பதினோராவது சிறந்தவராக இருந்தும் அவர் தகுதிச்சுற்றின் வரிசையிலேயே நிற்க நேர்ந்தது. 20 முறைக்கு மேல் அவ்வாறு முயன்றார். 2021 விம்பிள்டன் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஐந்தாவது செட் வரை போராடி, 9-11 எனத் தோற்றார்.

மனாமா தந்த பட்டம்

அதே ஆண்டு நவம்பரில் அவர் பஹ்ரைன் வந்தார். அதற்கு முன் ஆறு சேலஞ்சர் இறுதியாட்டங்களில் ஆடி ஆறிலும் தோற்றிருந்தார். மனாமாவில் நடந்த ஏழாவது இறுதியில் ரஷ்ய வீரர் எவ்கெனி கார்லோவ்ஸ்கியை 6-1, 6-4 என வென்று, தம் 27ஆம் அகவையில் முதல் சேலஞ்சர் ஒற்றையர் பட்டத்தையும் 80 புள்ளிகளையும் பெற்றார். 2022இல் ரோகன் போபண்ணாவுடன் இணைந்து அடிலெய்டிலும் புனேயிலும் இரட்டையர் பட்டங்களை வென்றார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியுடன் சேர்ந்து வெள்ளிப்பதக்கம் கொணர்ந்தார்.

இன்னொரு சென்னை வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். முழங்கால் காயங்களால் பல ஆண்டுகளை இழந்தவர். ஆயினும் 2019 ஏப்ரலில் 75ஆம் இடத்தை எட்டி, அவ்வாண்டின் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் முதன்மைச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதற்சுற்றோடு திரும்பினார். 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார்.

நாம் உணர வேண்டுவது

“முதலிடம் வராவிட்டால் என்ன பயன்?” என்று வினவும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் அச்சம் பொய்யன்று. வருவாய் நிலையற்ற தொழில் இது. இக்குறையை உணர்ந்தே, முதல் 250 இடத்தினருக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருவாயை உறுதிசெய்யும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. கல்வியை விடாது ஆடும் வழியும் உண்டு. சோம்தேவ் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பயின்று, 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்ற பின்னரே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, 62ஆம் இடம் வரை உயர்ந்தார்.

ஆயினும், பயனைக் கோப்பையால் மட்டும் அளப்பது நேர்மையாகாது. வள்ளுவர் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்துத் தளரா முயற்சியைப் போற்றினார். ஆறு இறுதிகளில் தோற்றவர் ஏழாவதற்கு வந்து நின்றார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். தேர்வில் ஐந்து மதிப்பெண் குறைந்ததற்காக வாடி நிற்கும் பிள்ளைக்கும், அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோருக்கும் அது பொருந்தும்.

வகுப்பில் சிந்திக்க

1. புள்ளிகள் 52 வாரங்களில் நீங்குவது நியாயமானதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

2. ஓர் ஆட்டக்காரர் மாதம் மூன்று சிறு போட்டிகளில் ஆடி, மூன்றிலும் முதற்சுற்றில் தோற்றால் அவர் வருவாய் எவ்வளவு? துபாயிலிருந்து சென்னைக்குச் செல்லும் விமானக் கட்டணத்துடன் ஒப்பிடுக.

3. உங்கள் குடும்பத்தில் பலமுறை முயன்று வென்ற ஒருவரைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதி வருக.